தூங்காத குட்டியும் விடியாத ஊரும்

தை அறுவடை முடிந்து, வெண்ணெல்லூர் அரிசி மில்லின் களங்களில் அவித்த நெல்லைப் பரப்பத் தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மில்லில் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் உத்திராபதியின் மடியில் அவர் மனைவி தையல்நாயகி நாற்பது நாள்கூட நிறையாத ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து போட்டாள். சந்தைக்கு வெளியே மீன் வண்டி ஏறித் தாய் செத்துப்போக, கூடப் பிறந்த நாலையும் யார் யாரோ எடுத்துப்போக, பெட்டை என்பதால் மிஞ்சிப்போன குட்டி அது. செங்கல் நிறம், வயிறு மட்டும் வெளுப்பு.

"இதை நீங்கதான் வளக்கணும்," என்றாள். "நான் கையால தொடமாட்டேன்."

ஆறு வருஷத்தில் அவள் அவரிடம் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய ஒரே மகன் மாசிலாமணி, பத்தொன்பது வயதில், அதே மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், உச்சி வெயிலில் ஒரு லாரியின் நிழலில் படுத்துத் தூங்கிப்போக, ஓட்டுநர் பார்க்காமல் வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டார். பட்டப்பகலில் அப்படி என்ன தூக்கம் என்று ஊர் கேட்டது. உத்திராபதியும் கேட்டார். தையல்நாயகி மட்டும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் சோறு வைத்தாள், துணி துவைத்தாள், கூப்பிட்டால் "ம்" என்றாள், அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. அதனால் குட்டி எதற்கு, ஏன், இந்த வயதில் நமக்கு என்ன வேண்டுதல் என்று எதையும் கேட்காமல் உத்திராபதி அதை வாங்கிக்கொண்டார்.

அன்றிரவு ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் சாக்கை விரித்துக் குட்டியை உள்ளே வைத்து, பெட்டியை அடுப்படி மூலைக்குத் தள்ளிவிட்டு விளக்கை அணைத்தார். குட்டி அழ ஆரம்பித்தது. தாயின் வயிற்றுச் சூடும் உடன்பிறந்தவற்றின் மூச்சும் இல்லாத முதல் ராத்திரியில் எல்லாக் குட்டியும் அழும்தான்; ஆனால் ஒன்பது மணிக்குத் தொடங்கிய அழுகை பன்னிரண்டுக்கும் ஓயவில்லை, மூன்றுக்கும் ஓயவில்லை. நடுவே அது சாக்கை நனைத்தது, சாக்கை மாற்றினால் பெட்டியை நனைத்தது, தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனால் பனியில் நடுங்கியபடி ஒன்றும் செய்யாமல் நின்றுவிட்டு, உள்ளே வந்ததும் அவர் பாயை நனைத்தது. ஐந்து மணிக்கும் அழுதது, ஆறுக்கும் அழுதது. ஏழு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உத்திராபதி கதவைத் திறந்தார். வெளியே வானம் நிறைய நட்சத்திரம் இருந்தது.

எட்டுக்கும் இருந்தது. பத்துக்கும் இருந்தது. பதினொன்றே காலுக்குக் குட்டி அழுது அழுது தொண்டை வற்றி, அவருடைய செருப்பின் மேல் தாடையை வைத்துக் கண்ணயர்ந்தது. அது கண்ணயர்ந்த அந்த நிமிஷத்தில் கிழக்கு வெளுத்து, காகம் கத்தி, சூரியன் தாமதமாய் வேலைக்கு வந்த ஆள் மாதிரி விறுவிறுவென்று மேலே ஏறியது.

ஊர் இதை முதல் நாள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூட்டம் என்றார்கள், கடிகாரத்தில் கோளாறு என்றார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று சிவன் கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தார்கள். மூன்றாம் நாள் விடியல் மறுபடி பதினொன்றரைக்கு வந்தபோது, டீக்கடை சிங்காரவேலு, இரண்டு நாளாக ஒரே பாலை ஐந்து தடவை காய்ச்சிக்கொண்டிருந்தவர், "உத்திராபதி வீட்டுக் குட்டி கத்துறது நின்னா விடியுது, கத்துறவரைக்கும் இருட்டா இருக்கு, இதுல யோசிக்க என்ன இருக்கு" என்று சொல்ல, எல்லோரும் தங்களுக்கும் அது முன்பே தெரியும் என்பதுபோல் தலையாட்டினார்கள்.

தெரிந்துவிட்டதால் அதற்கேற்ப நடந்துகொள்ளத் தொடங்கினார்கள். ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் விடியல் வழக்கம்போலவே ஆறரைக்கு வந்தது. பாலத்தின் நடுவே கோடு கிழித்தது மாதிரி அந்தப் பாதியில் வெயிலும் இந்தப் பாதியில் இருட்டும் கிடக்க, திருவாரூரிலிருந்து வரும் பேருந்து வெயிலில் ஓடிவந்து பாலத்தின் பாதியில் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நுழைந்தது. பள்ளிக்கூடத்தில் மணியை இருட்டிலேயே அடித்து, பிள்ளைகள் விளக்கு வெளிச்சத்தில் வாய்ப்பாடு சொன்னார்கள். பள்ளிவாசல் மோதினார் கைக்கடிகாரத்தைப் பார்த்து அழைப்புச் சொல்லிவிட்டு, வானத்தின் பொறுப்பு வானத்துக்கு என்று போய்விட்டார். சிவன் கோயில் குருக்களுக்குத்தான் சங்கடம்: சூரியன் உதிக்காமல் புதன்கிழமையைத் தொடங்குவதா, செவ்வாயிலேயே நிற்பதா என்று தெரியாமல் பூட்டிய கதவுக்கு வெளியே ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். தெற்குத் தெருவில் காலை பத்து மணி இருட்டில் ஒரு பெண் குழந்தை பிறக்க, அது எந்தக் கிழமையில் பிறந்தது என்று ஜோசியர் சொல்ல மறுத்துவிட்டார். கொல்லைகளில் மல்லிகை மொட்டுகள் எப்போது விரிவது என்று தெரியாமல் காம்போடு அழுகின. ஆனால் மாலை மட்டும் ஒரு நாளும் பிந்தவில்லை. ஆறு மணி அடித்தால் வந்து நின்றது.

எல்லாவற்றையும் விட நெல்தான் கெட்டது. ஊறவைத்து அவித்த நெல் அன்றைக்கே வெயில் காண வேண்டும். இல்லாவிட்டால் புளித்து நாறும். அரைநாள் வெயிலில் பாதி காய்ந்த நெல் குவியல் குவியலாய்ப் புழுங்க, ஊர் முழுக்கப் பழைய கஞ்சி வாடை அடித்தது. களத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு நெல் காய்ந்தால்தான் கூலி.

ஆகவே ஊரில் எல்லோருக்கும் நாய்க்குட்டியை வளர்க்கத் தெரிந்துவிட்டது. கடிகாரத்தைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வை, தாய் நெஞ்சு அடிப்பதாய் நினைத்துக்கொள்ளும் என்று ஒருவர் சொன்னார். வெந்நீர்ப் புட்டி வை என்றார் இன்னொருவர். தாலாட்டுப் பாடத் தெரிந்த நாலு பெண்களை முதலாளி குஞ்சிதபாதமே சம்பளம் பேசி அனுப்பிவைத்தார். அவர்கள் முறைவைத்துப் பாட, குட்டி அவர்கள் சுருதிக்கு மேலே ஒரு சுருதியில் அழுதது.

கால்நடை மருந்தகத்தில் உதவியாளராய் இருந்த மெஹருன்னிசாதான் வந்து தரையில் உட்கார்ந்து குட்டியை மடியில் எடுத்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"பேர் என்னங்கய்யா வச்சிருக்கீங்க?"

"இன்னும் வைக்கலம்மா."

"சரி. இது குழந்தை. அடக்கத் தெரியாது, அடக்கவும் முடியாது. ரெண்டு மணிக்கு ஒருவாட்டி தூக்கிட்டுப் போங்க. ஒரே இடம், ஒரே வார்த்தை. போச்சுன்னா தடவிக் குடுங்க. வீட்டுக்குள்ள போயிட்டா சத்தம் போடாம துடைச்சிடுங்க. பெட்டியை அடுப்படியில வைக்காதீங்க, உங்க தலைமாட்டுல வையுங்க. ராத்திரி அழுதா கையை உள்ள விடுங்க, அது பாத்துக்கும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. அதுக்குத்தான் தெரியும்."

உத்திராபதி அப்படியே செய்தார். இரண்டு மணிக்கொரு தரம் குட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு பின்வாசல் பூவரச மரத்தடிக்குப் போய், இறக்கிவிட்டு, "போயிட்டு வா" என்றார். முதல் இரண்டு நாள் அது அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. மூன்றாம் நாள் மரத்தடியில் குந்தியது. அவர் குனிந்து அதன் நெற்றியைத் தடவினார். தடவிவிட்டு நிமிர்ந்தபோது தையல்நாயகி பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அன்று விடியல் பத்தரைக்கு வந்தது. அதற்கு மறுநாள் பத்துக்கு. அதற்கும் இரண்டு நாள் கழித்து ஒன்பதரைக்கு, குட்டி அவருடைய சுண்டுவிரலை வாயில் வைத்துக்கொண்டு தூங்க, வந்தது.

ஆனால் நெல்லுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு மாலை, முதலாளி குஞ்சிதபாதம் ஏழெட்டுப் பேரோடு வீட்டுக்கே வந்தார்.

"உத்திராபதி, இருநூறு மூட்டை புளிச்சிப் போச்சு. களத்துப் பொம்பளைங்க வீட்டுல அடுப்பு எரியல. நீ என்னடான்னா குட்டிய இடுப்புல வச்சிக்கிட்டு நிலா காட்டிட்டு இருக்க."

"இப்பத்தான் பழகுது முதலாளி. இன்னும் பத்து நாள்..."

"பத்து நாளா? உனக்கா பழக்கத் தெரியாது? பெத்த பிள்ளைய ஒரே ராத்திரியில திருத்துன ஆளு நீ."

கூட வந்தவர்கள் ஆமாம் என்றார்கள். அது ஊரறிந்த கதை. மாசிலாமணி ஒன்பது வயது வரைக்கும் பாயை நனைத்துக்கொண்டிருந்தான். ஒரு விடியற்காலை உத்திராபதி தோசைக் கரண்டியின் காம்பை அடுப்பில் காய்ச்சி அவன் தொடையின் உட்பக்கம் இழுத்தார். மறுநாளிலிருந்து பாய் நனையவே இல்லை. அதை அவரே டீக்கடையில் பல தடவை சொல்லியிருக்கிறார், கேட்டவர்கள் மெச்சியிருக்கிறார்கள், பாயை நனைக்கும் பிள்ளைகளை "உத்திராபதி மாமாகிட்ட விட்டுட்டு வந்துடுவேன்" என்று அதட்டாத வீடு அந்தத் தெருவில் இல்லை.

அன்றிரவு குட்டி பெட்டியை விட்டு வெளியே வந்து நடுக்கூடத்தில் நின்று நனைத்துவிட்டு, வழக்கம்போல் அழத் தொடங்கியபோது உத்திராபதி எழுந்தார். புளித்த நெல்லின் நாற்றம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. மூலையிலிருந்த விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்து அடிக்கட்டையால் மூன்று அடி அடித்தார். கழுத்தைப் பிடித்து மூக்கை ஈரத்தில் தேய்த்தார். குட்டி ஒரே ஒரு சத்தம் போட்டது. பிறகு தானாகவே நடந்துபோய்ப் பெட்டிக்குள் ஏறி, காலை மடக்கி, கண்ணை மூடிக்கொண்டது. வீடு அமைதியாயிற்று. அடுத்த அறையில் தையல்நாயகி புரண்டு படுத்த சத்தம்கூடக் கேட்டது.

மறுநாள் சரியாக ஆறரைக்கு விடிந்தது.

ஊர் சந்தோஷத்தில் வெடி வெடித்தது. குஞ்சிதபாதம் ஆள் அனுப்பி உத்திராபதியை மில்லுக்கு வரவழைத்து, எல்லோர் முன்னாலும் சால்வை போர்த்தினார். சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றபோதுதான் உத்திராபதி களத்தைப் பார்த்தார். களம் நிறைய வெளிச்சம் இருந்தது. ஆனால் வெளிச்சத்தில் சூடு இல்லை. அடுப்பு அணைந்த பிறகு சட்டியைத் தொட்டால் இருப்பதுபோல் இருந்தது. களத்தில் நின்ற முப்பது பெண்களில் ஒருத்திக்கும் நிழல் விழவில்லை.

அதற்கும் ஊர் பழகிக்கொண்டது. வெளிச்சம் வருகிறதே, அது போதாதா என்றார்கள். குஞ்சிதபாதம் கோயம்புத்தூரிலிருந்து உலர்த்தும் இயந்திரம் வரவழைக்க ஏற்பாடு செய்தார். துணிகள் மூன்று நாளில் காய்ந்தன, காய்ந்தும் ஈர வாடை போகவில்லை. நிழல் இல்லாததால் நடுப்பகல் எது என்று தெரியவில்லை. பிள்ளைகளின் முகம் பச்சரிசி மாவு மாதிரி வெளுத்தது. இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை: ராத்திரி எல்லோரும் படுத்தார்கள், கண்ணை மூடினார்கள், காலையில் எழுந்தார்கள், ஆனால் ஒருவரும் தூங்கவில்லை. பகலில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்தவர் தராசில் தலைசாய்த்தார். வாத்தியார் கரும்பலகையில் எழுதிய கோடு பாதியில் கீழே இறங்கித் தரைவரைக்கும் போயிற்று. சைக்கிளில் போனவர்கள் சைக்கிளோடு வேலியில் சாய்ந்து நின்றார்கள்.

மில்லில் தொட்டிகளில் கொதிநீரை விட்டு நெல்லை ஊறப்போடுவார்கள். அப்படி விடியத் தொடங்கிய பதினாலாம் நாள், தொட்டி விளிம்பில் நின்று பலகையால் கிளறிக்கொண்டிருந்த அஞ்சலை என்பவள், நாலு பிள்ளை பெற்றவள், நின்றபடியே தூங்கி உள்ளே விழுந்தாள். பாய்லரடியிலிருந்து ஓடிப்போய் அவளைத் தூக்கியவர்களில் உத்திராபதியும் ஒருவர். அவருடைய இரண்டு கையும் முழங்கைவரை வெந்தது. அஞ்சலை மூன்று நாள் கிடந்து செத்துப்போனாள். மயானத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் யாரோ, "பட்டப்பகல்ல அப்படி என்னய்யா தூக்கம்" என்றார்கள்.

அன்றிரவு உத்திராபதி கையில் கட்டோடு குட்டியின் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். அடி வாங்கிய நாளிலிருந்து குட்டி அழுததில்லை. வீட்டுக்குள் நனைத்ததும் இல்லை. பூவரச மரத்தடிக்குத் தூக்கிப்போனால், இறக்கிவிட்ட அந்த நொடியிலேயே, அவர் வார்த்தையைச் சொல்லும் முன்பே, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே குந்தியது. நல்ல குட்டி என்று ஊர் சொன்னது. இப்போது அது காலை மடக்கி, கண்ணை மூடி, சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் விளக்கைக் கிட்டத்தில் கொண்டுபோனார். மூடிய இமைக்குள் விழி அசையாமல் நின்றது. தூங்கும் உயிருக்கு விழி அப்படி நிற்காது. அவர் வலது பக்கம் நகர்ந்தார். குட்டியின் காது வலது பக்கம் திரும்பியது. இடது பக்கம் நகர்ந்தார். காது இடது பக்கம் திரும்பியது. அவர் இருமினார். குட்டி மூச்சை இன்னும் கொஞ்சம் நீளமாக, இன்னும் கொஞ்சம் சத்தமாக இழுத்து விட்டது.

உத்திராபதிக்கு அந்த மூச்சைத் தெரியும். தண்ணீர் குடிக்க எழுந்துபோன எத்தனையோ ராத்திரிகளில், மகன் படுத்திருந்த மூலையிலிருந்து அந்த மூச்சு அவருக்குக் கேட்டிருக்கிறது.

நெடுநேரம் அப்படியே இருந்துவிட்டு அடுத்த அறை வாசலில் போய் நின்றார். தையல்நாயகி விழித்துதான் இருந்தாள்.

"தையலு. மாசிலாமணி பாயை நனைக்காம இருந்தது..."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"தூங்காம இருந்தான்," என்றாள். "தூங்கினா போயிடும்னு தூங்காம இருந்தான். நீங்க எழுந்து நடந்தா மூச்சை நீட்டி விடுவான். பள்ளிக்கூடத்துல தூங்குவான். மூட்டைமேல தூங்குவான். பத்து வருஷம்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா மறுபடியும் கரண்டியைக் காய்ச்சுவீங்க. அவன்தான் சொல்லாதேன்னான்." கொஞ்சம் பொறுத்து அவளே சொன்னாள்: "நான் சொல்லியிருக்கணும். அதை வச்சிக்கிட்டுத்தான் நானும் இருக்கேன்."

மறுநாள் உத்திராபதி வேலைக்குப் போகவில்லை. விளக்குமாற்றை முறித்து அடுப்பில் வைத்தார். அது எரிந்தது, ஆனால் குட்டியிடம் அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை. அவர் கை நீண்டால் அது தரையோடு தரையாய்ப் படுத்தது. அவர் சிரித்தால் வாலை வயிற்றுக்குள் இடுக்கியது. அடித்துப் பழக்கியது ஒரு ராத்திரி. அதை எடுக்க எத்தனை ராத்திரி ஆகும் என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. அவர் பாயை எடுத்துவிட்டு வெறுந்தரையில் பெட்டியோரம் படுத்து, வெந்த கையைப் பெட்டிக்குள் விட்டு, விரலை அசைக்காமல் வைத்திருந்தார். முதல் ராத்திரி குட்டி பெட்டியின் மறுமூலைக்கு ஒதுங்கியது. இரண்டாம் ராத்திரியும் ஒதுங்கியது. மூன்றாம் ராத்திரி அவர் கைக்கட்டை முகர்ந்தது. நாலாம் ராத்திரி மூன்று மணிவாக்கில், கையின் மேல் தலையை வைத்து, தன்னையறியாமல் அரைக்கண் சொருகி, சொருகியபோது நனைத்துவிட்டது. ஈரம் சூடாக அவர் கட்டுக்குள் இறங்கிப் புண்ணில் எரிந்தது. குட்டி விழித்து, நடந்ததை அறிந்து, கண்ணை இறுக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க அடிக்காகக் காத்திருந்தது.

"போனா போவுது," என்றார் உத்திராபதி. "போனா போவுது சாமி." கையை எடுக்கவில்லை.

அடி வரவில்லை என்று தெரிந்துகொள்ள அதற்கு வெகுநேரம் ஆயிற்று. தெரிந்ததும் வாயைத் திறந்து அழ ஆரம்பித்தது. இருபத்தோரு நாள் அழாத அழுகை அது. ஆறரைக்கு வரவேண்டிய அந்த வெறும் வெளிச்சம் அன்று வரவில்லை. ஊர்மேல் கறுப்பு இருட்டு உட்கார்ந்தது. கடிகாரப்படி அன்று முழுப்பகலும் இருட்டு, அன்றிரவும் இருட்டு, மறுநாளும் இருட்டு.

இரண்டாம் நாள் மாலை அவர்கள் வந்தார்கள். கையில் டார்ச் விளக்கும் தடியும் இருந்தன. முன்னால் குஞ்சிதபாதம், பின்னால் சிங்காரவேலு, களத்துப் பெண்கள், அஞ்சலையின் புருஷன், தெரு நிறைய ஆட்கள். உத்திராபதி வாசற்படிக்கு உள்ளே நடையில், சுவரில் சாய்ந்து காலை நீட்டி, அழும் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குட்டியக் குடு," என்றார் குஞ்சிதபாதம். "உன்னால முடியலன்னா நாங்க பாத்துக்கறோம். ஒரு அடி. அன்னைக்கு மாதிரி."

"தரமாட்டேன் முதலாளி."

"ஊரை விடவா உனக்கு நாய் பெருசு?"

"நான் என் பையனைத் திருத்தல முதலாளி," என்றார் உத்திராபதி. டீக்கடையில் பழைய கதையைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார், எல்லோருக்கும் கேட்டது. "அவனைத் தூங்கவிடாமப் பண்ணினேன். பத்து வருஷம் தூங்காம இருந்து, தாங்கமாட்டாம ஒருநாள் லாரிக்கடியில படுத்துட்டான். நான்தான் கொன்னேன். லாரிக்காரன் இல்ல. அஞ்சலையையும் நான்தான். இதை நான் குடுக்கமாட்டேன்."

இருட்டுக்குள்ளிருந்து ஒரு கல் வந்து அவர் நெற்றியில் பட்டது. அவர் குட்டியின் தலையைக் கையால் மூடிக்கொண்டார். தையல்நாயகி உள்ளேயிருந்து வந்து வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தாள். அவரைப் பார்க்காமல், தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அவளைத் தாண்டி உள்ளே போக யாருக்கும் கால் வரவில்லை. திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. நிற்க முடியாதவர்கள் தெருவிலேயே உட்கார்ந்தார்கள். தடியை மடியில் வைத்துக்கொண்டு, இப்போது எழுவோம், இன்னும் சற்றில் எழுவோம் என்று உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வாரமாகத் தூங்காத உடம்பு யார் பேச்சையும் கேட்கவில்லை. முதலில் ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்தார். அஞ்சலையின் புருஷன் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தார். களத்துப் பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தியாய்ச் சரிந்தார்கள். குஞ்சிதபாதம் மல்லாந்து வாயைத் திறந்துகொண்டார். டார்ச் விளக்குகள் ஒவ்வொன்றாய் மங்கி அணைந்தன. பாசாங்கு இல்லாத தூக்கத்தின் மூச்சு, குறட்டையும் முனகலும் பல் கடிப்புமாய், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஏறி இறங்கியது. குட்டியின் அழுகை விட்டு விட்டு வந்தது. பிறகு அது காதை உயர்த்திக் கேட்டது. தன்னைச் சுற்றி இருட்டில் நூறு வயிறு சூடாக ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, உத்திராபதியின் தொடை இடுக்கில் மூக்கை நுழைத்து, ஒரு பெருமூச்சு விட்டது. மூடிய இமைக்குள் விழி உருண்டது. பின்னங்கால் எதையோ துரத்தி உதறியது.

வெயில் தெருவில் படுத்திருந்தவர்களின் முகத்தில் சுள்ளென்று அடித்தது. அவர்கள் எழுந்து, கண்ணைக் கசக்கி, தங்கள் காலடியில் நீளமாய் விழுந்து கிடந்த நிழலைப் பார்த்தார்கள். உத்திராபதியின் நெற்றியில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். களத்தில் நெல் இருக்கிறது என்று யாரோ சொன்னதும் எல்லோரும் ஓடினார்கள். வெயிலில் பிரித்தபோது குவியல்கள் உள்ளே கறுத்து, நூல் நூலாய்ப் பூசணம் படர்ந்து கிடந்தன. பாதிக்கு மேல் மாட்டுக்குக்கூட ஆகாது. அதை அள்ளிக் கொட்டிக்கொண்டே, மிச்சத்தைப் பரப்பத் தொடங்கினார்கள்.

குட்டி தூங்கியது. எட்டு மணி, பத்து மணி, உச்சிப்பொழுது. மில்லின் சங்கு ஊதியும் அது அசையவில்லை. உத்திராபதியின் கால் மரத்துப் போயிற்று. முதுகு சுவரோடு ஒட்டிப் போயிற்று. அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. முந்தின நாள் மாலையிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் குட்டியின் தலை தரையில் இடிக்கும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார், வேறு எதையோ நினைத்துப் பார்த்தார், வியர்த்தார். தெருவில் கூடையோடு போன பெண்கள் திறந்த வாசல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஐம்பத்தெட்டு வயதில், பட்டப்பகலில், ஊர் பார்க்கும் நடையில் உட்கார்ந்து அவர் எவ்வளவோ நேரம் அடக்கிப் பார்த்தார். பிறகு முடியவில்லை. வேட்டி நனைந்து, சூடு தொடைக்கடியில் பரவி, சிமெண்டுத் தரையில் கோடாக இறங்கி வாசற்படியை நோக்கி ஓடியது.

தையல்நாயகி அடுப்படியிலிருந்து வந்தவள் அதைப் பார்த்து நின்றாள். அவர் தலைகுனிந்து கொண்டார். அவள் உள்ளே போய் ஒரு பழந்துணியும் ஒரு செம்புத் தண்ணீரும் எடுத்துவந்து, சத்தம் வராமல் செம்பைத் தரையில் வைத்து, மண்டியிட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். உத்திராபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசாதீங்க," என்றாள் அவள், துணியைப் பிழிந்தபடி, மூச்சுக்காற்றாய். "முழிச்சுக்கப் போவுது."